கதை படித்தாயிற்று, இனி எழுத வேண்டும்: பயிற்சித்தாளா, படமா, பேச்சா?

கதையைப் படித்து முடித்த பிள்ளையிடம் "உனக்கு என்ன தோணுச்சோ எழுது" என்று சொல்லிப் பாருங்கள். 'இந்தக் கதை நன்றாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. குரங்கு புத்திசாலி.' பாதி வகுப்பின் நோட்டில் இதே மூன்று வரிதான் இருக்கும். பிள்ளைக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று அர்த்தமில்லை. தோன்றியது நோட்டுக்கு வந்து சேரும் வழியில்தான் எங்கோ தொலைந்து போகிறது.

இதற்குப் பள்ளிகளில் நான்கைந்து வழிகள் புழங்குகின்றன. கடலூர்ப் பக்கத்து மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கதை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: நாவல் மரத்துக் குரங்கும், அதன் இதயத்தைக் கேட்ட முதலையும்.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதுவதை முதலிலேயே கழித்துவிடலாம். கையெழுத்துக்கு நல்லது, அதிகாரி வரும் நாளில் நோட்டு அழகாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது டீச்சரின் கருத்து.

அடுத்தது பயிற்சித்தாள். 'எனக்குப் பிடித்த பகுதி ______. ஏனென்றால் ______.' இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். வெள்ளைத் தாளைப் பார்த்தாலே மிரளும் பிள்ளைக்கு முதல் சொல் கிடைத்துவிடுகிறது, அந்த 'ஏனென்றால்' ஒரு காரணத்தையும் கேட்டு வாங்குகிறது. சிக்கல் வேறு இடத்தில். பிள்ளை தனக்குப் பிடித்த பகுதியை எழுதுவதில்லை, தனக்கு எழுத வரும் பகுதியைத்தான் எழுதுகிறது. 'இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்' என்று குரங்கு புளுகும் இடத்தில்தான் வகுப்பே சிரித்திருக்கும். ஆனால் அதை எழுதுவது பெரும்பாடு. 'குரங்கு பழம் தந்தது' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வியை மாற்றினால் பயிற்சித்தாளே கொஞ்சம் உயிர் பெறும். பிடித்த பகுதி எது என்பதற்குப் பதிலாக, எந்த இடத்தில் 'ஐயோ' என்றாய்? யார் மேல் கோபம் வந்தது? முதலையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பாய்? கடைசிக் கேள்விக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே பதிலை எழுதுவது அரிது.

படம் வரைந்து கீழே ஒரு வரி எழுதுவது ஒன்று, இரண்டாம் வகுப்புக்கும், தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் இன்னும் 'அரும்பு' என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சரி. அதற்கு மேல் போனால் முதலைக்குச் செதில் போடுவதிலேயே பாடவேளை கரைந்துவிடும். நன்றாக வரையத் தெரிந்த பிள்ளை அந்த ஒரு வரியைத் தாண்டுவதும் இல்லை.

என் ஓட்டு பேச்சுக்கு. முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும்.

தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஒரு நான்காம் வகுப்பில் இந்தக் கதை ஓடியபோது கடலோரத்துப் பையன் ஒருவன் கேட்டது இது: "நீச்சல் தெரியாம எதுக்கு டீச்சர் அது முதுகுல ஏறுச்சு? எங்கப்பா கேன் கட்டித்தான் என்னைத் தண்ணியில இறக்குனாரு." காலி பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டி நீந்தப் பழகிய பிள்ளைக்கு அந்தக் குரங்கின் அசட்டுத் தைரியம் கண்ணில் படுகிறது. இதைவிட நல்ல வாசிப்பை யாரிடம் எதிர்பார்ப்பது? ஆனால் அவன் நோட்டில் இருந்தது 'குரங்கு புத்திசாலி' மட்டும்.

அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒரு துண்டுத் தாளில் டீச்சர் எழுதிக் கையில் கொடுத்து, "இதுக்கு அடுத்து என்ன?" என்றால் போதும். அவன் தொடர்ந்து எழுதுவான், அதுவும் 'ஏறுச்சு', 'இறக்குனாரு' என்று. எழுதட்டும். முதல் படி வீட்டுத் தமிழில் இருந்தால் குடி முழுகிவிடாது. இரண்டாவது படியில் 'ஏறியது', 'இறக்கினார்' என்று அவனோடு சேர்ந்தே மாற்றிக்கொள்ளலாம். 'ஸ்கூல்ல பேசுற மாதிரியே எழுதச் சொல்றாங்க' என்று பெற்றோர் சண்டைக்கு வரலாம். இரண்டு படிகளையும் நோட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

சிவப்பு மையும் இரண்டாம் படி வரை பொறுக்கட்டும். ல, ள, ழ, ர, ற எல்லாவற்றையும் முதல் படியிலேயே சுழித்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்துக்குள்ளேயே நின்றுகொள்ளும். 'முதலை' என்று எழுதக்கூட யோசிக்கும், 'அது' என்று போட்டுவிடும்.

பேச்சு வழியிலும் ஓட்டை உண்டு. முப்பது பேர் வகுப்பில் வாய்த்துடுக்கான நாலு பேர்தான் பேசுவார்கள். அதனால் இருவர் இருவராக உட்காரவைத்து, பக்கத்துப் பிள்ளை சொன்னதை இவன் சொல்ல வேண்டும் என்று வைப்பது நல்லது. அப்படியும் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இதை நடத்தச் சொல்வது அநியாயம். அங்கே ஒரு வகுப்பு பேசும்போது மற்ற இரண்டுக்கும் கேள்வி மாற்றிய பயிற்சித்தாளைக் கொடுப்பதுதான் நடக்கிற காரியம்.

வாசிப்புக் குறிப்பேடு பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை', 'நட' என்ற எளிய நிலைகளைத் தாண்டி 'ஓடு', 'பற' வரை வந்துவிட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பொருந்தும். தேதி, புத்தகத்தின் பெயர், மனதில் நின்ற ஒரு விஷயம், அவ்வளவே. மதிப்பெண் போட ஆரம்பித்தால் அன்றோடு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். 2021-இல் வந்த, ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுன் பாரத்தில் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்துவிடலாம். கேன் கட்டிய பையனின் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

புதுச்சேரியில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இக்கு வந்துவிட்டன, பிள்ளை படிக்கும் கதை பாதி நேரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கருத்தையும் ஆங்கிலத்திலேயே எழுது என்றால் 'குட் ஸ்டோரி', 'ஐ லைக் இட்' என்பதோடு கடை மூடப்படும். அங்கேயும் பேச்சைத் தமிழில் நடத்திவிட்டு, பேசியதில் ஒரே ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுக்கொள்ள விட்டு, டீச்சர் பிறகு ஓரத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதித் தரட்டும்.