டிரம் மோவருக்குப் போலி பிளேடு வாங்கி ஒரு மறுதாம்பை இழந்தேன்

கடந்த ஆண்டு சித்திரையில், பக்கத்து நகரத்தில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் சுழலும் டிரம்களால் தீவனம் அறுக்கும் இயந்திரமான எங்கள் டிரம் மோவருக்கு 12 பிளேடுகள் வாங்கினேன். கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த அட்டைப்பெட்டி, பிளேடு ஒன்றுக்கு 110 ரூபாய் என்று ஒரிஜினலுக்கு உரிய விலை, "கம்பெனிச் சரக்குதாங்க, தைரியமா மாட்டுங்க" என்ற கடைக்காரரின் சொல் ஆகிய மூன்றையும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் இரண்டு ஏக்கர் தீவனச் சோளத்தின் மறுதாம்பில், அதாவது அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் பயிரில், பெரும்பகுதி வீணாயிற்று. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் எட்டுக் கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. இதே பிளேடு இன்னும் பல கடைகளில் விற்கப்படலாம் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் பயிரிட்டிருந்தது கோ.எப்.எஸ். 29 ரகம். சோளத்தைச் சூடான் புல்லுடன் கலப்புச் செய்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, பலமுறை அறுக்கக்கூடிய தீவனச் சோளம் இது. விதைத்த 65ஆம் நாளில் முதல் அறுப்பும், அதன் பிறகு 50 நாளுக்கு ஒரு அறுப்பும் எடுக்கலாம். அறுத்த பின் நிலத்தில் நிற்கும் அடித்தாளின் கணுக்களிலிருந்தும் தூரிலிருந்தும் துளிர்த்து வருவதுதான் அடுத்த ஐம்பது நாளுக்கான தீவனம். ஆகவே வண்டியில் ஏறும் தட்டைவிட, வயலில் பிளேடு விட்டுச் செல்லும் தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இந்தப் பயிரில் முக்கியம்.

அரிவாளால் அறுக்கும்போது ஒரு கை தட்டைப் பிடித்துக்கொள்கிறது. ரீப்பர் என்ற அறுவடை இயந்திரத்தில் அசையும் கத்திக்கு எதிராக அசையாத விரல் ஒன்று தட்டைத் தாங்கிக்கொள்கிறது. டிரம் மோவரில் அப்படித் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. சுழலும் டிரம்மின் ஓரத்தில் தொங்கும் சிறிய பிளேடு, தட்டு வளைந்து விலகுவதற்கு முன் அதைத் துண்டித்துவிட வேண்டும். வேகமும் முனையின் கூர்மையும் சேர்ந்தால்தான் அது நடக்கும். முனை மழுங்கிவிட்டால் அதே வேகத்தில் பிளேடு தட்டை அறுப்பதற்குப் பதிலாக அடிக்கிறது. தட்டு பிளந்து போகும், அல்லது ஈர மண்ணில் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

புதிய பிளேடுகளை மாட்டி ஓட்டியபோது முதல் அரை ஏக்கர் நன்றாகவே அறுந்தது. அதற்கு மேல் டிரம்மின் சத்தம் மாறியது, இரண்டு டிரம்களுக்கும் நடுவே தட்டுகள் சாய்ந்து வரிவரியாக அறுபடாமல் நின்றன. பயிர் முற்றிவிட்டது என்று நான் தவறாக முடிவு செய்தேன். ஓட்டுநர் ஆக்சிலேட்டரைக் கூட்டி, டிரம்மைத் தரையோடு இறக்கி ஓட்டினார். டீசல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவானதோடு, தீவனத்தில் மண்ணும் கலந்தது. அன்று மாலை மாடுகள் தீவனத் தொட்டியில் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டன.

மறுநாள் காலையில்தான் குனிந்து அடித்தாள்களைப் பார்த்தேன். பழைய பிளேடு அறுத்த தாள், கொடுவாளால் வெட்டிய கரும்பைப் போல ஒரே சீராக இருக்கும். இப்போது கண்ட தாளோ, பல் துலக்கி முடித்த வேப்பங்குச்சியின் நுனியைப் போல நார் நாராகப் பிய்ந்திருந்தது. பல தாள்கள் நுனியிலிருந்து மண் மட்டம் வரை இரண்டாகப் பிளந்து, துளிர் வர வேண்டிய கணுவும் சேர்ந்து உடைந்திருந்தது. வாய்க்கால் ஓரத்தில் தூர்கள் முழுதாகப் பெயர்ந்து வேர் வெளியே கிடந்தது.

அடுத்த வாரம் பெய்த கோடை மழையில் அந்தப் பிளவுகளில் நீர் தேங்கித் தாள்கள் அழுகின. ஐம்பதாம் நாள் பயிரில் ஒரு தூர் மார்பளவும், பக்கத்துத் தூர் முழங்காலளவும் நின்றது. இடையில் வெறும் சொட்டையாக மண் தெரிந்தது. சோளத்தில் இந்த ஏற்றத்தாழ்வு விளைச்சல் குறைவோடு நிற்பதில்லை. சோளத்தின் இளந்துளிரில் சயனைடு நச்சு கூடுதலாக இருக்கும், அதைத் தின்ற மாடு சில நிமிடங்களில் விழுந்துவிடக்கூடும் என்பதை மாடு வளர்க்கும் எல்லோரும் அறிவோம். எனவே நானும் என் மனைவியும் அரிவாள் எடுத்து, வளர்ந்த தட்டுகளை மட்டும் தேர்ந்து அறுத்தோம். நான்கு நாட்கள் அந்த வேலை நடந்தது. மீதித் தீவனத்திற்கு வைக்கோலை வெளியில் வாங்கினோம்.

குறை பிளேடில்தான் என்பது கொல்லுப் பட்டறையில் உறுதியானது. அதற்கு முன் ஒருமுறை நானே சாணை பிடித்து மாட்டிப் பார்த்தேன்; கால் மணி நேரத்தில் மறுபடியும் மழுங்கியது. பட்டறைக்காரர் பழைய ஒரிஜினல் பிளேடு ஒன்றின் மீது அரத்தை ஓட்டினார், அது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. புதியதன் மீது ஓட்டியபோது அரம் நன்றாகக் கடித்து, இரும்புத் தூள் அவருடைய உள்ளங்கையில் கொட்டியது. "இதுக்குத் தோய்ச்சலே போடலீங்க, வெறும் பட்டையிரும்பு" என்றார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது ஆறு பிளேடுகளில் லேசானது 82 கிராமாகவும் கனமானது 95 கிராமாகவும் இருந்தது. ஒரே டிரம்மில் இப்படி எடை மாறும் பிளேடுகளை மாட்டினால் டிரம் அதிர்ந்து பேரிங்கும் கெட்டுவிடும். பிளேடைத் தாங்கும் ஊசியின் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்து, பிளேடு கழன்று பறக்கலாம். எங்கள் வயலில் ஆள் கட்டு கட்டிக்கொண்டிருந்த தூரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது.

பிளேடுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், பிளேடு கல்லில் பட்டிருக்கும் என்றார் கடைக்காரர். அரத்தைக் காட்டியதும், தன் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். வாங்கிய அன்று அவர் எனக்குத் தந்தது ஜி.எஸ்.டி. பில் அல்ல; கடைப் பெயரோ எண்ணோ இல்லாமல் "எஸ்டிமேட்" என்று மேலே எழுதிய துண்டுச் சீட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் என்னிடம் இருந்த சீட்டு யாரிடம் வாங்கினேன் என்பதையே சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கையில் ஒரு சிறிய அரத்தையும், தேய்ந்த ஒரிஜினல் பிளேடு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே பிளேடின் ஓரத்தில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். பொருளின் பெயர் எழுதிய முறையான பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். மாட்டிய பின் முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பத்துத் தாள்களையாவது குனிந்து பாருங்கள். நார் பிரிந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மீதி வயலாவது பிழைக்கும். வாடகை மோவரை அழைப்பவர்களும் என்ன பிளேடு மாட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வண்டிக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி வந்துவிடும், மறுதாம்பு நம்முடையது. மழுங்கிய பிளேடைச் சாணை பிடிக்கும்போது ஓரம் நீலம் பாயும் அளவுக்குச் சூடேற்றினால் நல்ல பிளேடும் தோய்ச்சல் இறங்கி இதே கதிக்கு வந்துவிடும்.

எனக்கு விற்ற பிளேடில் கம்பெனிப் பெயர் வெள்ளை மையால் அச்சிடப்பட்டிருந்தது, டீசல் நனைத்த துணியால் துடைத்தவுடன் முழுவதும் அழிந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரிஜினலில் அந்தப் பெயர் இரும்பிலேயே அடித்துப் பதிக்கப்பட்டு, விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது.