ஸ்டாடிக்கா டைனமிக்கா: எரர் லாஸ்பேட்டைல வரணுமா, கடலூர் போய் வரணுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டைல உக்காந்து பில்ட் பண்ற ப்ரோக்ராம் கடலூர் சிப்காட்ல ஒரு ஃபேக்டரி மெஷின்ல ஓடணும், இதான் எங்க வேலை. பிஎல்சிலேர்ந்து (ஃபேக்டரி மெஷின்கள ஓட்டற கண்ட்ரோலர்) மாட்பஸ்ங்கற பேச்சுமுறை வழியா டேங்க் லெவல், டெம்பரேச்சர் எல்லாம் எடுத்து ஃபைல்ல போடற சின்ன சி ப்ரோக்ராம், வெளி லைப்ரரின்னு (வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோட்) பாத்தா மாட்பஸ் பேசற லிப்மாட்பஸ் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ண எப்படி கூட அனுப்பறதுன்னு மூணு வழியும் பாத்தாச்சு, மூணுலயும் அடியும் வாங்கியாச்சு.

முதல் வழி டைனமிக், எல்லாரும் பண்றதுதான். லைப்ரரி சிஸ்டம்ல இருக்கும், நம்ம ப்ரோக்ராம் ஓடும்போது தேடி எடுத்துக்கும். நம்ம மெஷின்ல ஏபிடில (உபுண்டுவோட பேக்கேஜ் இன்ஸ்டாலர்) லைப்ரரிய போட்டோமா, லிங்க் ஆச்சா, ஓடுச்சா, முடிஞ்சுது. ஆனா ஃபேக்டரி மெஷின்ல நெட்டே கிடையாது, பென் டிரைவ்தான். பைனரிய (கட்டி முடிச்ச ப்ரோக்ராம் ஃபைல்) மட்டும் காப்பி பண்ணி குடுத்துட்டு வந்தேன், சாயங்காலம் அங்க மெயின்டனன்ஸ்ல இருக்கறவர் ஃபோன் பண்ணி "தம்பி, இங்கிலீஷ்ல பெருசா ஏதோ சொல்லுது, படிக்கட்டா"ன்னார். ஷேர்ட் லைப்ரரி ஃபைல திறக்க முடியலன்னு சொல்ற அந்த பழைய பாட்டுதான். மறுநாள் அந்த லைப்ரரியோட டாட் எஸ்ஓ ஃபைல எடுத்துட்டு கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடின்னு நின்னு நின்னு போற பஸ்ல போய் யூஎஸ்ஆர் லோக்கல் லிப்ல போட்டேன், அப்பவும் வரல, ஏன்னா லைப்ரரி லிஸ்ட்ட புதுப்பிக்கற எல்டிகான்ஃபிக் கமாண்ட ஓட்டல. அத ஓட்டினதும் அடுத்தது வந்துச்சு பாருங்க: ஜிலிப்சி 2.34 (உபுண்டுல கிட்டத்தட்ட எல்லா ப்ரோக்ராமும் நம்பி நிக்கற அடிப்படை சி லைப்ரரி) இல்லையாம்.

இதுல தான் நிறைய பேர் முழிக்கறாங்க. என் மெஷின் உபுண்டு 22.04, அதுல ஜிலிப்சி 2.35. அங்க 18.04, அதுல 2.27. "நான் புது ஃபங்ஷன் எதையும் கூப்பிடவே இல்லையே"ன்னு தோணும், கூப்பிட வேண்டாம். 2021ல வந்த 2.34ல த்ரெட் வேலைக்கான பித்ரெட் லைப்ரரிய லிப்சிக்குள்ளயே (ஜிலிப்சியோட முக்கிய ஃபைல்) சேத்துட்டாங்க, அதோட மெயின் ஃபங்ஷன ஆரம்பிச்சு வைக்கிற ஸ்டார்ட் ரொட்டீனுக்கும் புது வெர்ஷன் முத்திரை குத்திட்டாங்க, அதனால அதுக்கு மேல உள்ள மெஷின்ல வழக்கம்போல கட்டின ப்ரோக்ராம், வெறும் ஹலோ சொல்றதா இருந்தாலும், பழசுல ஓடாது. அதுக்காக நம்ம லிப்சிய கொண்டு போய் அவங்க லிப்சி மேல காப்பி பண்ணிடாதீங்க, அப்பறம் ஃபைல் லிஸ்ட் காட்டற எல்எஸ் கூட ஓடாது, மெஷினே படுத்துடும்.

ரெண்டாவது, ஸ்டாடிக். லைப்ரரிய டாட் ஏ ஃபைலா கட்டி பைனரிக்குள்ளயே போட்டுடறது. இதுல எனக்குப் புடிச்ச விஷயம், வர்ற எரர் பெரும்பாலும் நம்ம டேபிள்லயே வந்துடும், கடலூர் போய் வராது. ஆனா வரும்போது கொத்தா வரும். மேக்ஃபைல்ல (எப்படி பில்ட் பண்ணணும்னு எழுதற ஃபைல்) லைப்ரரிய முன்னாடியும் மெயின் டாட் ஓவ (நம்ம கோட் கம்பைல் ஆன ஃபைல்) பின்னாடியும் எழுதி வச்சிருந்தேன், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு பக்கம் பக்கமா கொட்டுச்சு. துண்டுகள ஒண்ணா கோக்கற லிங்கர் இடதுலேர்ந்து வலதுக்குத்தான் போகும், டாட் ஏ வரும்போது அந்த நேரத்துல யாருக்கு என்ன வேணுமோ அத மட்டும் எடுத்துக்கும். பந்தில எலை போடறதுக்கு முன்னாடியே சாம்பார் வாளி தாண்டிப் போச்சுன்னா, அப்பறம் எலை போட்டு உக்காந்து என்ன புண்ணியம். லைப்ரரிய கடைசில போடுங்க, பாதி எரர் போயிடும். இன்னொண்ணு, ஒரே ஃபோல்டர்ல டாட் ஏவும் டாட் எஸ்ஓவும் இருந்தா லிங்கர் டாட் எஸ்ஓவத்தான் எடுக்கும். நாம ஸ்டாடிக்னு நினைச்சுட்டு இருப்போம், எந்த லைப்ரரி வெளிலேர்ந்து வேணும்னு காட்டற எல்டிடி கமாண்ட் போட்டு பாத்தா லிப்மாட்பஸ் வெளியதான் நிக்கும்.

சரி, லிப்மாட்பஸ மட்டும் உள்ள போட்டா போதுமான்னா போதாது, ஜிலிப்சி தொல்ல அப்படியேதான் இருக்கு. முழுசா ஸ்டாடிக் பண்ணா பேர ஐபி நம்பரா மாத்தற கெட்அட்ரின்ஃபோ ஃபங்ஷனுக்கு ஒரு வார்னிங் வருது, ஹோஸ்ட் பேர தேடணும்னா ஓடற மெஷின்லயும் லிங்க் பண்ண அதே வெர்ஷன் ஜிலிப்சி இருக்கணும்னு. பிஎல்சிக்கு ஐபி நம்பர் மட்டும் குடுக்கற வரைக்கும் ஓடும், யாராவது பேரு குடுத்தா அன்னிக்கு தெரியும் சேதி. லைசன்ஸும் பாக்கணும், லிப்மாட்பஸ் எல்ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்ல வருது, நம்ம சோர்ஸ் குடுக்காம ஸ்டாடிக்கா போட்டா கஸ்டமர் அந்த லைப்ரரிய மாத்தி திரும்ப லிங்க் பண்ற மாதிரி ஆப்ஜெக்ட் ஃபைலாவது குடுக்கணும். சைஸ் பெருசாகும்னு சண்ட போடுவாங்க, இந்த மாதிரி ப்ரோக்ராமுக்கு அது ஒரு மேட்டரே இல்ல.

மூணாவது, இப்ப ஓடிட்டு இருக்கறது. டாக்கர்ல (நம்ம மெஷினுக்குள்ளயே தனி உபுண்டு மாதிரி ஓட்டற டூல்) 18.04 இமேஜ் வச்சு அதுக்குள்ள பில்ட், பழைய ஜிலிப்சில கட்டினது புதுசுல ஓடும், தலைகீழா தான் ஓடாது. லிப்மாட்பஸ் டாட் எஸ்ஓவ பைனரி பக்கத்துல லிப்னு ஒரு ஃபோல்டர்ல வச்சு, ஆர்பாத்ல (லைப்ரரிய எங்க தேடணும்னு பைனரிக்குள்ள எழுதி வைக்கற பாத்) டாலர் ஆரிஜின்னு சொல்லிட்டா பைனரி எங்க இருக்கோ அங்கேர்ந்து தேடிக்கும். எல்டிகான்ஃபிக் வேணாம், ரூட் பாஸ்வேர்டும் வேணாம், அந்த ஃபேக்டரில அத வாங்கறதுக்கே ரெண்டு கையெழுத்து.

இதுலயும் ஒரு நாள் போச்சு. மேக்ஃபைல்ல ஒத்த டாலர் போட்டா மேக் அத தன்னோட வேரியபிள்னு நினைச்சு முதல் எழுத்தோட சேத்து முழுங்கிடும், பைனரிக்குள்ள இருக்கறத காட்டற ரீட்எல்ஃப்ல பாத்தா பாத் இருக்கற இடத்துல வெறும் 'ரிஜின்'னு தலையில்லாம நிக்குது. ரெண்டு டாலர் போட்டு சிங்கிள் கோட்ல சுத்தணும். எங்க ஆபீஸ் அண்ணன் ஒருத்தர் "அதான் சிமேக் யூஸ் பண்ணுன்னேன்"னார், மேக்ஃபைல தானே எழுதிக் குடுக்கற அந்த சிமேக்குக்கு மாறினேன், அது வேற மாதிரி: பில்ட் ஃபோல்டர்ல ஜோரா ஓடுது, இன்ஸ்டால் பண்ணதும் லைப்ரரி காணும். இன்ஸ்டால் பண்ணும்போது சிமேக் பில்ட் பாத்த துடைச்சிடும், இன்ஸ்டால் ஆர்பாத்னு தனியா செட் பண்ணணும். லைப்ரரிய இடம் மாத்தினா பழைய பாத்த கேஷ்ல புடிச்சுட்டு விடவே விடாது, அப்ப பில்ட் ஃபோல்டரையே அழிச்சிட்டு திரும்ப ஓட்டறதுதான் சுருக்கு வழி.

நம்ம கண்ட்ரோல்ல இருக்கற சர்வர்னா முதல் வழியே போதும், ஏபிடி அப்டேட்ல செக்யூரிட்டி ஃபிக்ஸும் தானா வந்துடும். பேரு தேடாத குட்டி டூல்னா ஸ்டாடிக். வெளியூர் மெஷின், நெட் இல்ல, ஓஎஸ் எப்ப மாத்துவாங்கன்னு தெரியாதுன்னா மூணாவதுதான், எனக்கு சந்தேகமே இல்ல. இப்பல்லாம் பஸ் ஏறறதுக்கு முன்னாடி வெறும் 18.04 கன்டெய்னர் ஒண்ணு திறந்து ஃபோல்டர அதுக்குள்ள போட்டு எல்டிடி பாக்கறேன், "நாட் ஃபவுண்ட்"னு ஒரு வரி இருந்தாலும் பைய கீழ வச்சிடுவேன்.