இண்டெக்ஸா, ஃபார்-ஈச்சா, இட்டரேட்டரா?

ஜாவாவில் ஒரு பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டு போக மட்டும் வேண்டுமா? பேச்சே இல்லை, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்-ஈச் லூப் போதும். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த வடிவம் அது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஓர் உறுப்பை நீக்க வேண்டி வந்தால்தான் எது நல்லது என்ற கேள்வியே எழுகிறது.

இண்டெக்ஸ் (0-இல் தொடங்கும் இட எண்) வைத்து ஓட்டும் லூப்பைப் பார்ப்போம். பட்டியலில் 5, 8, 8, 3 இருக்கின்றன. எட்டுகளை நீக்க வேண்டும். இண்டெக்ஸ் 1-இல் இருந்த எட்டு போனதும் அடுத்த எட்டு அதே இடத்துக்கு நகர்ந்துவிடும். லூப்போ 2-க்குப் போய்விடும். மிஞ்சுவது 5, 8, 3. பிழைச் செய்தி ஒன்றும் வராது. கடைசியிலிருந்து முதல் உறுப்பை நோக்கி ஓட்டினால் இது தீரும். ஆனால் கணுக்களைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் லிங்க்டு லிஸ்ட்டில், ஓர் இடத்திலுள்ள உறுப்பை எடுக்கும் ஒவ்வொரு கெட் அழைப்பும் ஏதாவதொரு முனையிலிருந்து கணு கணுவாக எண்ணிக்கொண்டு வர வேண்டும். பட்டியல் இருமடங்கானால் லூப்பின் மொத்த நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரே உறுப்பு இருமுறை வராத தொகுப்பான செட்டுக்கு இண்டெக்ஸே கிடையாது.

ஃபார்-ஈச்சுக்குள் லிஸ்ட்டின் ரிமூவை அழைத்தால் பெரும்பாலும் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன், அதாவது 'சுற்றும்போதே பட்டியல் மாறிவிட்டது' என்ற பிழை, வரும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதுதான். வராமல் போவதுதான் ஆபத்து. உறுப்புகளை அடுத்தடுத்த இடங்களில் வைக்கும் அரே லிஸ்ட்டில் கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கிப் பாருங்கள்: உறுப்புகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்து, உறுப்பு உறுப்பாக நகர்ந்து செல்லும் இட்டரேட்டர் நிற்கும் இடத்துக்குச் சமமாகிவிடும். அடுத்தது உண்டா என்று பார்க்கும் ஹேஸ்-நெக்ஸ்ட் 'இனி இல்லை' என்று சொல்லிவிடும். கடைசி உறுப்பைத் தொடாமலேயே லூப் முடியும். நீக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை, அடுத்த உறுப்பை எடுத்துத் தரும் நெக்ஸ்டுக்குள் இருக்கிறது. அந்த நெக்ஸ்ட் அழைக்கப்படவே இல்லை.

ஃபார்-ஈச்சின் அடியில் ஓடுவதும் இட்டரேட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. அதனால் கற்றுக்கொள்பவர்கள் சில நாள்களாவது இட்டரேட்டரைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நெக்ஸ்டை அழைத்தபின் இட்டரேட்டரின் சொந்த ரிமூவை அழைத்தால் மேற்சொன்ன தொல்லை எதுவும் இல்லை. ஒரு நெக்ஸ்டுக்கு ஒரு ரிமூவ்தான். ஒரே சுற்றில் நெக்ஸ்டை இரண்டு முறை அழைத்தால் ஓர் உறுப்பு கைநழுவும்.

நிபந்தனை வைத்து நீக்குவதற்கு ஜாவா 8 தந்த ரிமூவ்-இஃப் ஒரே வரி. அரே லிஸ்ட்டில் இட்டரேட்டரை விட வேகமும் கூட: ஒவ்வொரு நீக்கத்துக்கும் பின்னால் உள்ளவற்றை நகர்த்தாமல், மிஞ்சுபவற்றை ஒரே நடையில் நெருக்கி அடுக்கிவிடுகிறது.