வெள்ளப் படத்தைத் தியேட்டர்காரரிடம் விற்ற கதை: லான்டர்ன் தேடுதளம்

பழைய அமெரிக்க சினிமா வணிகப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாகத் தரும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரிக்குள் தேடுவதற்காக 2013-இல் வந்தது லான்டர்ன். மௌனப் படப் பித்து இருக்கிறவர்கள் தவறவிடவே கூடாது.

நான் தேடிப் போனது 1926-இல் ஃபாக்ஸ் கம்பெனி எடுத்த 'தி ஜான்ஸ்டவுன் ஃப்ளட்'. 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,200 பேருக்கு மேல் செத்துப்போன நிஜ வெள்ளத்துக்குள் காதல் கதையை வைத்த படம், ஜேனட் கெய்னர் பெரிய நட்சத்திரமாவதற்கு முன்னால் நடித்தது. இவ்வளவு பெரிய துயரத்தை வைத்து எப்படி டிக்கெட் விற்கச் சொல்வார்கள்? இந்தப் பத்திரிகைகளின் முழுப்பக்க விளம்பரங்கள் ரசிகனிடம் பேசுவதில்லை, தியேட்டர் முதலாளியிடம் நேராகப் பேசுகின்றன. கல்லா நிறையும் என்பதுதான் பேச்சு. கம்பெனிகள் கூடவே பிரஸ்புக் என்ற விளம்பரக் கையேடும் அனுப்பும்: உள்ளூர் நாளிதழுக்கு அப்படியே கொடுக்க எழுதி வைத்த செய்திகள், 27-க்கு 41 அங்குல ஒன்-ஷீட் போஸ்டரில் இருந்து சுவரையே மூடும் 24-ஷீட் வரை வாங்கக்கூடிய போஸ்டர்களின் பட்டியல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்' பத்திரிகையின் 'வாட் த பிக்சர் டிட் ஃபார் மீ' பகுதி. படம் ஓடியதா, படுத்ததா என்று சின்ன ஊர் தியேட்டர்காரர்களே நாலு வரி எழுதிப் போடுவார்கள், விளம்பரத்தை விட நான் நம்புவது இதைத்தான்.

பழைய அச்சு என்பதால் தேடலில் சில வார்த்தைகள் சிக்காது. படத்தின் பெயர் கிடைக்கவில்லையா, சரி, நடிகர் பெயரைப் போடுங்கள், அப்புறம் அந்த வார இதழை முழுசாக இறக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.