ப்ளூ ரிட்ஜ் பார்க்வேக்கு ‘பர்மிட்’ விற்கிறார்கள், உஷார்

அமெரிக்காவில் மலை முகட்டில் போகும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் கார் ஓட்ட பர்மிட் எதுவும் வேண்டாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. “பர்மிட் உட்பட” என்று யாராவது பேக்கேஜ் விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் தலைக்கு 35 டாலர் வாங்கினார்கள், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கும் சேர்த்து.

ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலை என்றாலே பயம். இரண்டு பக்கமும் பெரிய டிரக் உறுமிக்கொண்டு போனால் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்காகவே வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை மலை முகட்டிலேயே நிதானமாகப் போக நினைத்தோம். பார்க்வே அதற்கென்றே போட்ட சாலை. 1935-ல் தொடங்கி 1987-ல்தான் வேலை முடிந்தது. மொத்தம் 469 மைல், வேகம் மணிக்கு 45 மைலுக்கு மேல் கூடாது, சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் அறிமுகமானவர், நம் ஊர்க்காரர்தான், பாதை, ரூம், பர்மிட் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பர்மிட் எதற்கு என்று கேட்டேன். “சீசன்ல கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்கண்ணா” என்றார். பார்க்வேக்கு வடக்கே அதை ஒட்டியே தொடங்கும் ஸ்கைலைன் டிரைவில் கட்டணச் சாவடி உண்டு, ஏனென்றால் அது ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் போகிறது. அதுவும் காருக்குத்தான், தலைக்கு இல்லை. இந்த இரண்டு சாலைகளையும் குழப்பித்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். வழியில் ஒரு பார்வையாளர் மையத்தில் அவர் அனுப்பிய தாளைக் காட்டினோம். அங்கிருந்த பூங்கா ரேஞ்சர் பெண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றை நாங்கள் கொடுப்பதே இல்லை என்றார்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் அவர் போட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தின் மீதுதான். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அடித்தபோது பார்க்வேயில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாங்கள் போனது 2025 ஜூன். வட கரோலினாவில் லின்வில் ஊருக்குத் தெற்கே சாலையை அடைத்து வைத்திருந்தார்கள். அவர் கொடுத்த பாதையோ அந்த அடைப்பு வழியாகவே நேராக மவுண்ட் மிட்செல் சிகரத்துக்குப் போனது! யு.எஸ். 221 நெடுஞ்சாலையில் இறங்கி மேரியன் வந்து ஆஷ்வில் போனோம். ஓல்ட் ஃபோர்ட் தாண்டி மலை ஏறும் இடத்தில் யு.எஸ். 70-ம் ஐ-40 இன்டர்ஸ்டேட்டும் ஒரே சாலைதான், தப்பிக்க வழியில்லை. எந்த டிரக்குகளுக்குப் பயந்து இந்தப் பயணமே போட்டோமோ, அதே டிரக்குகளுக்கு நடுவில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேரக் கணக்கும் பொய். வளைவு, காட்சிமுனை, கொஞ்சம் பனிமூட்டம் எல்லாம் சேர்ந்தால் மணிக்கு முப்பது மைல் போவதே பெரிது. பேக்கேஜ் விற்றவர் அறுபது போட்டுக் கணக்கிட்டிருந்தார். பார்க்வே மேல் பெட்ரோல் பங்க் ஒன்றுகூட இல்லை, கீழே இறங்கித்தான் போட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இல்லை. பல இடங்களில் போனில் சிக்னலும் கிடைக்காது. ரூம்களெல்லாம் அவர் பெயரில் இருந்ததால் தேதி மாற்ற ஹோட்டல்காரர்கள் எங்களிடம் பேசவே மறுத்துவிட்டார்கள்.

தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்க்வே சாலை நிலவரம் மைல்கல் எண்படி இருக்கிறது, எது திறந்திருக்கிறது எது மூடியிருக்கிறது என்று. மைல் 0 வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கேப், 469 செரோக்கி பக்கம். கிளம்பும் காலையிலும் அதைப் பாருங்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் அள்ள மாட்டார்கள், அப்படியே மூடிவிடுவார்கள். ரூமை உங்கள் பெயரில், ரத்து செய்யும் வசதியோடு நீங்களே போடுங்கள்.

கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்து பர்மிட் பணத்தை மட்டும் திரும்ப வாங்கினோம். திட்டக் கட்டணத்துக்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவர் இப்போது இலையுதிர்காலப் பேக்கேஜ் என்று வேறு குழுக்களில் போட ஆரம்பித்திருக்கிறார், அதிலும் “பர்மிட் உட்பட” என்ற வரி அப்படியே இருக்கிறது.