கமிட்-கிராஃப் சங்கிலி: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீமின் பெரிய கிட் ரெப்போவில் (கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிடங்கு) கமிட்-கிராஃபை, அதாவது கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) வேகமாகத் தேட கிட் வைத்துக்கொள்ளும் பட்டியலை, ஒரே கோப்பாக வைக்காமல் அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில், கிட் 2.23-உடன் வந்த வசதி இது. தாராளமாகப் போடலாம்; உள்ளே தேடல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஒற்றைக் கோப்பு என்றால் நூறு கமிட் புதிதாக வந்தாலும் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். எழுதும் கட்டளையில் 'ஸ்பிளிட்' கொடுத்தால் அந்த நூறு மட்டும் தனி அடுக்காக மேலே ஏறும். இப்படி அடுக்கிய கோப்புகள்தான் சங்கிலி. அவற்றின் வரிசையைச் சொல்லும் செயின் கோப்பில் வரிக்கு ஒரு ஹாஷ் (அடுக்கின் அடையாளக் குறி), அடி அடுக்கு முதலில்.

எழுதும்போது மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சம் தேடலில் போகும். மேல் அடுக்கில் பைனரி சர்ச் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), அங்கே இல்லையென்றால் அதற்கு அடியில், இப்படியே கடைசிவரை. எங்குமே இல்லாத கமிட்டுக்கு எல்லா அடுக்கையும் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கோப்புகளைப் படிக்க டூல் எழுதுகிறவர்கள் சறுக்குவது நிலை எண்ணில்தான், அதாவது அடி அடுக்கிலிருந்து மொத்தமாக எண்ணினால் ஒரு கமிட் வரும் இடத்தில். அடியில் 10,000 கமிட், நடுவில் 3,000, மேலே 200 என்று வையுங்கள். மேல் அடுக்கில் 57-ஆம் நிலையில் கிடைத்தால் விடை 57 அல்ல, கீழுள்ள 13,000-ஐயும் கூட்டி 13,057. எண்ணிலிருந்து கமிட்டுக்குத் திரும்பி வரும்போதும் அதே கணக்கு: 10,450 என்றால் நடு அடுக்கின் 450. கூட்ட மறந்தால் எர்ரர் எதுவும் வராது, சம்பந்தமில்லாத வேறு கமிட்தான் வந்து நிற்கும். அதனால்தான் கண்டுபிடிக்க இத்தனை பாடு.

அடுக்குகள் பெருகாமல் கிட் தானாகவே பார்த்துக்கொள்கிறது. புதிய அடுக்கின் இரண்டு மடங்கு கீழுள்ளதைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். மேலே 200-க்குப் பதில் 1,600 வந்தால் 3,200 ஆகிறது, 3,000-ஐத் தாண்டிவிட்டது, சேர்ந்து 4,600. அதன் இரு மடங்கு 9,200, அடியிலுள்ள 10,000-ஐ எட்டவில்லை, அங்கேயே நிற்கும். இந்த 2-ஐ மாற்றத் தேவையே வரவில்லை.

கவனிக்க வேண்டியது ஜிசி, அதாவது ரெப்போவைச் சுத்தம் செய்யும் கிட்டின் கட்டளை. அது கமிட்-கிராஃபை ஒற்றைக் கோப்பாக எழுதும். அந்தக் கோப்பு இருந்தால் கிட் அதைத்தான் முதலில் எடுக்கும், சங்கிலி பக்கம் போகாது. ஜிசியின் 'ரைட்கமிட்கிராஃப்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, மெயின்டனன்ஸில் (கிட்டின் பின்னணிப் பராமரிப்பு வசதி) கமிட்-கிராஃப் வேலையை மணிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஆல்டர்னேட் வைத்த ஃபோர்க்குகள், அதாவது மூல ரெப்போவின் கோப்புகளையே பகிர்ந்துகொள்ளும் நகல் ரெப்போக்கள், இருந்தால் இன்னும் கவனம். ஃபோர்க்கின் மேல் அடுக்கு மூல ரெப்போவின் அடி அடுக்கை நம்பி நிற்கும். மூலத்தில் அடுக்குகள் சேர்ந்து பழைய கோப்பு அழிந்தால் ஃபோர்க்கின் சங்கிலி அறுந்துவிடும். எழுதும்போது 'எக்ஸ்பயர்-டைம்' கொடுத்துப் பழைய கோப்புகளைச் சில நாள் விட்டுவையுங்கள். அதற்குள் ஃபோர்க்குகளிலும் ஒருமுறை எழுதி முடித்துவிடுங்கள்.