பீன்ஸ் கருகலுக்கு காப்பரா, ஸ்ட்ரெப்டோவா, சூடோமோனாஸா, இல்ல நல்ல விதையா?

போன புரட்டாசி மழையில எங்க தோட்டத்து புஷ் பீன்ஸ் இலையெல்லாம் ஓரம் கருகி காகிதம் மாதிரி மொடமொடன்னு ஆயிடுச்சு. மருந்துக்கடையில போட்டோ காட்டினேன், கார்பென்டசிம் குடுத்தாங்க, ரெண்டு தடவ அடிச்சேன், நிக்கவே இல்ல. எப்படி நிக்கும், அது பூஞ்சாணத்துக்கான மருந்து, செடியில இருந்தது பாக்டீரியா. எங்க தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் நிறைய பேர் இப்படித்தான் முதல் பத்து நாளையும் காசையும் விட்டுடுறாங்க.

அதனால மருந்த ஒப்பிடுறதுக்கு முன்னாடி நோய பாருங்க. இலைய புடுங்கி வெயிலுக்கு எதிரா தூக்கி புடிச்சா பாக்டீரியா புள்ளி தண்ணி ஊறின மாதிரி தெரியும், காய்ல எண்ணெ தொட்டு வச்ச மாதிரி இருக்கும். துரு நோய்னா விரல்ல தேச்சா செங்கல் பொடி மாதிரி ஒட்டும். பாக்டீரியாவுலயே முக்கியமா ரெண்டு வகை. ஒன்னு சாந்தோமோனாஸ், இது 28, 32 டிகிரி சூட்டுல ஜோரா பரவும், இலையில பெரிய பழுப்பு கருகல், அத சுத்தி எலுமிச்ச மஞ்சள்ல மெல்லிசா ஒரு கோடு. இன்னொன்னு சூடோமோனாஸ் வகை, குளிர் பிரதேசத்து ஆளு, ஊசி குத்தின அளவு புள்ளி, சுத்தி அகலமா வெளிறின வளையம். அந்த வளையம் ஒரு விஷத்தால வருது, செடி தனக்கு வேணுங்கிற ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்த தயாரிக்க விடாம தடுக்கிற விஷம், 28 டிகிரிக்கு மேல போனா அந்த விஷம் சுரக்கிறதே நின்னு போகும், அப்ப வளையமும் தெரியாது. எங்க சூட்டுக்கு வந்தது முதல் வகை.

இப்ப காப்பர். சி.ஓ.சி., அதாவது காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம், இல்லன்னா 1 சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம் ஒரு கிலோ சுண்ணாம்பு. இதோட பலம் என்னன்னா சுலபமா கிடைக்கும், இலை மேல விழுற பாக்டீரியாவ கொல்லும். பலவீனம், இலைக்குள்ள போயிட்ட பாக்டீரியாவ தொடவே தொடாது, ஒரு நல்ல மழை வந்தா கழுவிட்டு போயிடும், ஆனா நோய் பரவுறதே மழை நேரத்துலதான். முதல் புள்ளி தெரிஞ்ச உடனே ஆரம்பிச்சு வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவ அடிச்சா பக்கத்து செடிக்கு போறத குறைக்கலாம், பாதி தோட்டம் கருகினதுக்கு அப்புறம் டேங்க் தூக்குறது வீண். பல ஊர் சோதனையில இலை புள்ளி குறைஞ்சிருக்கு, ஆனா மகசூல் அதே அளவுக்கு கூடல, இத யாரும் விவசாயிக்கு சொல்றதில்ல.

ஸ்ட்ரெப்டோங்கிற ஆன்டிபயாடிக் மருந்து பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசணும். பக்கத்து தோட்டத்து தம்பி "அண்ணே, அந்த 6 கிராம் பாக்கெட்ட கலந்து அடிச்சா மூணே நாள்ல நின்னுரும்னு சொல்றாங்களே"ன்னு கேட்டான். அதுல இருக்கிறது ஒம்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். பீன்ஸும் அதுக்கு அனுமதி இருந்த பயிர் பட்டியல்ல இருந்ததுதான், காப்பரோட கலந்து அடிச்சா கொஞ்ச நாள் வித்தியாசம் தெரியும்தான். ஆனா திரும்ப திரும்ப அடிக்க அடிக்க மருந்த தாங்குற பாக்டீரியாதான் மிச்சம் நிக்கும், அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் ஒன்னும் நடக்காது. விதைய ஊற வச்சாலும் தோல் மேல இருக்கிறது சாகும், உள்ள இருக்கிறது சாகாது, அளவு கூடினா நாத்து வெளுத்து குட்டையா போகும். இன்னொன்னு, ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல கண்டுபிடிச்சது, காசநோய்க்கு வந்த முதல் உருப்படியான மருந்து அதுதான், நம்ம நாட்டுல இன்னமும் காசநோயில ஜனங்க சாகுறாங்க, அந்த மருந்த பீன்ஸ் இலைக்கு தெளிக்க எனக்கு மனசு வரல. மத்திய அரசும் 2021 டிசம்பர்ல இத விவசாயத்துல நிறுத்துறதுக்கு வரைவு அறிவிப்பு போட்டுச்சு, 2024 ஜனவரியோட முழுசா நிறுத்தணும்னு அதுல இருந்துச்சு. நான் தம்பிகிட்ட வேணாம்னுதான் சொன்னேன்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பவுடர், கிலோ விதைக்கு 10 கிராம். பேர கேட்டு பயப்பட வேணாம், மேல சொன்ன நோய்க்கிருமிக்கு இது சொந்தக்காரன் மாதிரி, ஆனா நல்லது பண்றவன். வேர்ல குடியேறி செடியோட எதிர்ப்ப தூண்டும். செலவு கம்மி, ஆபத்து இல்ல, விதைக்கும்போதே போட்டுடலாம். வந்த நோய நிறுத்துற சக்தி இதுக்கு இல்ல, அத எதிர்பாத்து வாங்காதீங்க. காப்பரோடயோ ஸ்ட்ரெப்டோவோடயோ ஒரே டேங்க்ல கலந்தா அதுவும் பாக்டீரியாதானே, செத்துடும், ரெண்டு பக்கமும் காசு போகும்.

கடைசியா விதை, என் கணக்குல இதுதான் மத்த எல்லாத்தையும் விட மேல. குளிர் வகை கருகலுக்கு பத்தாயிரம் விதையில ஒன்னு கெட்டிருந்தா போதும், தொடர் மழை இருந்தா தோட்டமே போகும்னு சொல்றாங்க. கிலோவுக்கு 3,500, 4,000 விதை, ஏக்கருக்கு 20 கிலோ போட்டா 70, 80 ஆயிரம் விதை, அப்ப ஒரு ஏக்கர்ல ஏழெட்டு செடியிலேர்ந்தே எல்லாம் ஆரம்பிக்குது. சாந்தோமோனாஸ் விதைக்குள்ள பத்து வருஷத்துக்கு மேல கூட உயிரோட இருக்கும். நாம என்ன பண்றோம், கருகின தோட்டத்துலயே கடைசி காய்கள செடியிலயே உலர விட்டு விதைக்கு எடுத்து வைக்கிறோம், பாக்க விதை பளபளன்னு இருக்கும், உள்ள கிருமி இருக்கும். வெந்நீர்ல போட்டு சுத்தம் பண்ணலாம்னு சிலர் சொல்றாங்க, பீன்ஸ் விதை அத தாங்காது, தோல் வெடிச்சு முளைப்பு போயிடும். அமெரிக்காவுல கிழக்கு பக்கம் மழையில இந்த நோய் தாங்காம விதை உற்பத்தியவே மழை கம்மியான ஐடஹோ பக்கம் கொண்டு போனாங்க, வாய்க்கால் பாசனம், வயலுக்கு வந்து பாக்குற ஆய்வு எல்லாம் அங்க அதுக்குத்தான். நாமளும் விதைய வெயில் காலத்துல, டிரிப்ல வளத்த, புள்ளியே இல்லாத தோட்டத்துலேர்ந்து வாங்கணும்.

எதிர்ப்பு ரகம்னு ஒரு வழியும் உண்டு. 1956ல ஹோன்மான்னு ஒருத்தர் டெப்பாரி பீன்ஸ்ங்கிற பாலைவனத்து இனத்த சாதா பீன்ஸோட கலப்பு பண்ணினார், பின்னாடி கொலம்பியாவுல இருக்கிற சியாட் நிறுவனம் வாக்ஸ்னு வரிசையா எதிர்ப்பு ரகங்கள கொண்டு வந்தாங்க. ஆனா அதெல்லாம் ராஜ்மா மாதிரி உலர் பருப்புக்கானது, பச்சக் காய்க்கு நாம போடுற ரகத்துக்கு அது வந்து சேரணும், அதுவும் இலையில எதிர்ப்பு இருந்தா காய்லயும் இருக்கும்னு கட்டாயம் இல்ல.

பயிர் மாத்துறதுல எங்க பக்கம் ஒரு தப்பு நடக்குது. பீன்ஸ் எடுத்துட்டு அவரை போடுறாங்க, அவரைக்கும் பாசிப்பயறுக்கும் சாந்தோமோனாஸ் வரும், அப்ப அது மாத்துப் பயிரே இல்ல. கேழ்வரகு, மக்காச்சோளம், கோஸ் இப்படி ரெண்டு வருஷம் போகணும், சருகு மக்குற மாதிரி ஆழமா உழணும். ஸ்பிரிங்க்ளர் வேணாம், தண்ணி தெறிச்சா கிருமியும் சேந்து தெறிக்கும். காலையில பனி ஈரம் காயுற வரைக்கும் காய் பறிக்க ஆள உள்ள விடாதீங்க, அவங்க கையிலயும் சட்டையிலயும்தான் அது அடுத்த சாலுக்கு போகுது.

நான் இந்த வருஷம் அந்த நிலத்துல கேழ்வரகு மட்டும்தான் போட்டிருக்கேன், ஊடுபயிரா அவரைகூட விடல. காப்பர் ஒரு பாக்கெட் வீட்டுல இருக்கு, அடுத்த பீன்ஸ்ல முதல் புள்ளி தெரிஞ்சா எடுக்கிறதுக்கு.